லைப்ரரிக்குள் பெய்த மழை

என் ஆசை அப்பாவுக்கு, நெல்லியடி மினிபஸ் குணத்துக்கு,

நேற்று உங்கள் ஆட்டைத்திவசம் முடிந்தது. ஐயர் போய், சாப்பிட வந்த சனம் போய், வாடகைக் கதிரைகளையும் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று ஒரு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில்தான் சுவரில் இருக்கிற உங்கள் படத்தை நேராகப் பார்க்கத் துணிவு வந்திருக்கிறது.

முப்பத்தோராம் நாள் உங்கள் நினைவாக அடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில் "மகள் புலம்பல்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த பாட்டு. உங்கள் பெயரையும் என் பெயரையும் உரிய இடத்தில் போட்டுத் தந்தார்கள். அதில் நீங்கள் ஆலமரமாகவும் அணைந்த விளக்காகவும் வருகிறீர்கள். வாசித்திருந்தால், "நான் எப்ப பிள்ளை மரமானனான்?" என்று கேட்டிருப்பீர்கள்.

ஆகவே இது நானே எழுதுவது. ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் தொடங்கவேண்டும். நீங்கள் போன வருசம் முடிய முன்னரே நான் ஊர் சுற்றப் போனேன். அம்மாவுக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனேன். கீரிமலை, கசூரினா என்று கிட்டடியும் இல்லை அப்பா. டென்மார்க், சுவீடன், நோர்வே.

புலமைப்பரிசில் கதை உங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க நீங்கள்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள், ஒரு பஸ் சாரதி சைக்கிளில் போகிறார் என்று வழி முழுக்கப் பகிடி விட்டேன். முடிவு வந்தபோது நீங்கள் இல்லை. எங்கள் கம்பஸில் இருந்து நானும் ஜெனிற்றாவும் தெரிவாகியிருந்தோம். சுவீடனில் லுண்ட் என்ற ஊரில் ஆறு மாதம். ஜெனிற்றாவை மறந்திருக்கமாட்டீர்கள், கொழும்புத்துறைப் பிள்ளை, வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்கிறவள்.

பெரிய மாமி போகவிடக்கூடாது என்று நின்றா. உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியும்தானே. தகப்பன் செத்த வருசத்துக்குள் பொம்பிளைப்பிள்ளை கடல் கடந்து போகிறதோ என்று கேட்டா. எங்கள் வீட்டில் அந்த வருசம் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, கலியாண வீட்டுக் கார்ட் வந்தால் அம்மா மேசையில் கவிழ்த்து வைப்பா. ஆனாலும் என்னை அம்மா விட்டா. வாசலில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னா.

"படிக்கத்தானே போறாய், போ. ஆட்டைத்திவசம் முடியுமட்டும் ஆட்டம் பாட்டம் வேண்டாம் பிள்ளை."

"ஓம் அம்மா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன், அந்த நேரத்தில்.

ஐந்து மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். வகுப்பு, லைப்ரரி, அறை. பிறகு ஆனி மாதம் சோதனை முடிந்தது. சூரியன் போக மனமில்லாமல் நின்றது. என் பக்கத்து அறைப் பிள்ளை மார்த்தா, போலந்துக்காரி, ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என் கட்டிலில் விரித்தாள். பன்னிரண்டு நாள், மூன்று பேர், ஒரு கூடாரம், ஆகக் குறைந்த ரிக்கெற். இதைவிட மலிவாக இந்த ஊர்களைப் பார்க்க ஒருவராலும் முடியாது என்று சத்தியம் பண்ணினாள்.

ஜெனிற்றா அன்றைக்கே தன் வீட்டுக்கு எடுத்துச் சொல்லிவிட்டாள். அவர்கள் மெதடிஸ்த சபைக் குடும்பம், அவளுடைய அப்பா உடனே எந்தெந்த ஊரில் சபை மண்டபத்தில் படுக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான் சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்பா என்று நானே முடிவெடுத்தேன். ஜெனிற்றா வற்புறுத்தினாள் என்றோ மார்த்தா இழுத்தாள் என்றோ எழுதலாம். அது சரியில்லை. எனக்குப் போக ஆசையாக இருந்தது அப்பா. ஐந்து மாதம் அழுது, ஐந்து மாதம் படித்து, எனக்கு எங்கேயாவது போகவேண்டும் போல இருந்தது.

"அடுத்த ரெண்டு கிழமையும் லைப்ரரியிலைதான் அம்மா இருப்பன், ஒரு கட்டுரை முடிக்கோணும்" என்று சொன்னேன். அவ்வளவு லேசாக வாயில் வந்தது.

முதலில் கோப்பன்ஹேகன். லுண்டில் இருந்து கடலுக்கு மேலால் பாலத்தில் ரெயின் போகிறது. அந்த ஊரில் சைக்கிளுக்குத் தனி றோட்டு, தனிச் சிக்னல். கோட்டும் சூட்டும் போட்டவர்கள், பிள்ளையைப் பெட்டியில் இருத்தி உழக்குகிற அம்மாக்கள், எல்லாரும் சைக்கிள்தான். ஜெனிற்றா பார்த்துவிட்டு, "இது எங்கடை யாழ்ப்பாணம்தானடி, வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து விட்டிருக்கு" என்றாள். ஒரு கறுவாப் பணிஸ் வாங்கி மூன்றாகப் பிய்த்துத் துறைமுகத்தில் இருந்து தின்றோம். மீதிச் சாப்பாடு எங்கள் பைக்குள் இருந்தது. நான் ஒரு சின்ன றைஸ் குக்கரைச் சுமந்துகொண்டு திரிந்தேன், மார்த்தா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைத்தாள். மூன்றாம் நாள் அவளே அவித்த உருளைக்கிழங்குக்கு என் மிளகாய்த்தூளைத் தூவித் தின்று, கண்ணீரோடு இன்னும் கேட்டாள்.

கொத்தன்பேர்க்கில் ஒரு பஸ்ஸைப் பார்த்தேன், அதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். தரிப்பில் ஒரு முதியவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து நின்றதும் அப்படியே ஒரு பக்கம் சரிந்து கீழே இறங்கியது. நான் ஜெனிற்றாவிடம், "முன் ரயர் போச்சு, இனி இறங்கி நடக்கவேண்டியதுதான்" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். ரயர் போகவில்லை. அவர் படி ஏறச் சிரமப்படக்கூடாது என்று பஸ்தான் பணிந்திருக்கிறது. அவர் ஏறி, இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைக்குமட்டும் சாரதி வண்டியை எடுக்கவில்லை. சாரதி என் வயதுப் பெண், இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

இன்னொன்று, அங்கே ஹோர்ன் அடிக்கிறார்கள் இல்லை அப்பா. நாங்கள் வெளிக்கிட்டு நாலு நாளாக ஒரு ஹோர்ன்கூட என் காதில் விழவில்லை. நீங்கள் வளைவுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, தெரிந்த ஆளுக்கு ஒன்று என்று வகை வகையாக அடிப்பீர்களே. ஐந்தாம் நாள் ஒஸ்லோவில் ஒரு லொறிக்காரன் எதற்கோ அழுத்தினான். நான் றோட்டோரத்தில் நின்று அவனுக்குக் கை காட்டினேன். மார்த்தா எனக்கு விசர் என்று நினைத்திருப்பாள்.

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் சாரதியைத்தான் பார்த்தேன். கையைப் பார்ப்பேன், கண்ணாடியைப் பார்க்கிற விதத்தைப் பார்ப்பேன். ஒரு மலைப் பாதையில் எங்கள் பஸ்ஸுக்கு நேரே ஒரு பெரிய லொறி வந்து நின்றது, விலக இடமில்லை. எங்கள் சாரதி ஒரு சொல் கதைக்காமல் வளைவுக்குள்ளால் பின்னுக்கு எடுத்தார். லொறிக்காரர் கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். ஒரு தூசணம் இல்லை. நீங்கள் பின்னுக்கு எடுத்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கையை மட்டும் தூக்கியிருப்பீர்களோ தெரியாது.

ஆனால் பின்னேரங்களில் அம்மா எடுப்பா. எங்கள் ஊரில் விளக்கு வைத்து முடிந்த நேரம், எனக்கு இன்னும் உச்சி வெயில். நான் ஏதாவது ஒரு சுவரின் பின்னால் போய் நின்று குரலைத் தாழ்த்திக் கதைப்பேன், லைப்ரரியில் சத்தம் போடக்கூடாதுதானே.

"உது என்ன சத்தம், காகமே?"

கடற்பறவை. ஒஸ்லோத் துறைமுகத்தில் என் தலைக்கு மேலே நூறு நின்றன.

"யன்னலுக்கு வெளியிலை அம்மா, மரத்திலை."

"அங்கத்தைக் காகம் வடிவாக் கத்துது" என்று சொல்லிவிட்டு வைப்பா. ஜெனிற்றா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "சொல்லனடி, கொல்லவே போறா?" என்று கேட்பாள். நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். எத்தனை நாளைக்கு?

ஆறாம் நாள் பேர்கன் போய்ச் சேர்ந்தோம். ஒஸ்லோவில் இருந்து ரெயின், நடுவில் ஆனி மாதத்தில் பனி கிடக்கிற மலை. பேர்கனில் மழை. நான் மஞ்சள் மழைக்கோட்டு வாங்கினேன், ஒரு பழைய சாமான் கடையில், பெரிய ஆம்பிளையின் அளவு. முழங்கால் வரை தொங்க நனைந்துகொண்டு போன இடத்தில் "தமிழ்க் கடை" என்று எழுதியிருந்தது. கறிவேப்பிலை வாசம் வெளியில் வந்தது. ஜெனிற்றா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உள்ளை போகாதை. உன்ரை வாய் சும்மா இராது" என்றாள். நான் கேட்கவில்லை.

உள்ளே அம்மாவின் வயதில் ஓர் அன்ரி. எங்களைக் கண்டதும் எழும்பினா.

"எவடம் பிள்ளையள் நீங்கள்?"

"யாழ்ப்பாணம்."

"அது பார்க்கத் தெரியுது. யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"கொக்குவில்."

"கொக்குவிலிலை ஆற்றை பிள்ளை?"

ஒளித்துத் திரிகிற ஒருத்தி இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக்கூடாது. உலகத்தின் எந்த மூலையில் என்றாலும் எங்கள் ஆட்களிடம் இதற்குப் பதில் சொன்னால் கதை முடிந்தது. கொழும்பு என்று சொல்லியிருக்கலாம். மட்டக்களப்பு என்று சொல்லியிருக்கலாம். ஜெனிற்றா என் காலை மிதித்தாள். ஆனால் அந்தக் கேள்வி கேட்டு எவ்வளவு நாள் அப்பா! ஐந்து மாதமாக எனக்கு அங்கே ஒரு மாணவ இலக்கம்தான் பெயர். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"நெல்லியடி மினிபஸ் ஓடின குணத்தின்ரை மகள்."

"ஐயோ, குணம் அண்ணையின்ரை பிள்ளையோ! நான் அவரின்ரை பஸ்ஸிலைதானே ரியூசனுக்குப் போய் வந்தனான். பொம்பிளைப்பிள்ளையள் நிக்கக்கூடாது எண்டு முன்னுக்கு இடம் பிடிச்சு வைச்சிருப்பார். சும்மா ஏசுவார், ஆனால் இறக்கிவிட்டிட்டு நாங்கள் ஒழுங்கைக்குள்ளை போகுமட்டும் நிப்பார். எப்பிடி இருக்கிறார் அண்ணை?"

நான் சொன்னேன். போன ஆவணியில் மோசம் போய்விட்டார் என்று. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் சனத்தை இறக்கி, வண்டியை ஒழுங்காக நிறுத்தி, ஹான்ட் பிரேக் போட்டுவிட்டு, ஸ்ரியறிங்கில் தலையை வைத்தவர் என்று.

அந்த அன்ரி கல்லாவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதா. அங்கே பால் வாங்க வந்த ஒரு நோர்வேக்காரர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். உங்களுக்காக இவ்வளவு தூரத்தில் ஒரு மனுசி அழுகிறா என்று எனக்கும் அழுகை வந்தது. நீங்கள் அவவின் பெயரையாவது தெரிந்து வைத்திருந்தீர்களா? பிறகு கண்ணைத் துடைத்து, எங்களை உள்ளே இருத்தி, பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்து, காசை எடுக்க விடவில்லை. வெளிக்கிடும்போது வாசலில் வைத்து, "ஒரு படம் எடுப்பம் பிள்ளை. என்ரை தங்கச்சி கொக்குவிலிலைதான் இருக்கிறாள், பார்த்தால் சந்தோசப்படுவாள்" என்றா. மழைக்கோட்டோடு, அன்ரியின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணித்தியாலம்கூட இராது. துறைமுகத்தடியில் நிற்கும்போது அம்மா எடுத்தா.

"லைப்ரரிக்குள்ளை மழையோ, பிள்ளை?"

"அம்மா..." என்றேன்.

"நனையாமல் இரு" என்று சொல்லி வைத்துவிட்டா.

அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தேன். மணி போகும், எடுக்கமாட்டா. தம்பியிடம் கேட்டால், "அம்மா கிணத்தடியிலை", "அம்மா படுத்திட்டா" என்பான். எனக்குத் திரும்பி லுண்டுக்கு ஓடவேண்டும் போல இருந்தது. மாற்ற முடியாத ரிக்கெற். தவிர, திரும்பிப் போனால் மட்டும் சொன்ன பொய் இல்லாமல் போய்விடுமா? மார்த்தாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். தகப்பனுக்காக ஒரு வருசம் சிரிக்காமல் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டாள். அப்படி ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் என்றேன்.

அங்கிருந்து நாட்டுப்புறம் போனோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கடல் உள்ளுக்கு வந்து கிடக்கும். பஸ்ஸையே படகில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். நாங்கள் ஏறிய படகில் நடந்து ஏறுகிறவர்களுக்குக் காசில்லை, மார்த்தா இதற்காகவே அந்தப் பாதையைத் தெரிந்தெடுத்திருந்தாள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுக்குக் கிட்டப் போகாமல், ஒன்றையும் பாழாக்காமல் இருந்தால் வேற்றாள் காணியிலும் ஓரிரு நாள் கூடாரம் போடலாம். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளிப் போட்டதுக்குப் பக்கத்து வீட்டோடு வழக்குப் பேசுகிற மாமிக்கு இதைச் சொன்னால் நம்புவாவா?

றோட்டோரத்தில் ஒரு மேசை, அதில் முற்றின பழமாய் ஸ்ரோபெரி, பக்கத்தில் ஒரு தகரப் பேணி. ஆள் இல்லை. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஜெனிற்றாவுக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் வந்தால் முகத்தைப் பார்த்துக் கொடுப்போம் என்று அரை மணித்தியாலம் நின்றாள்.

அடுத்த நாள் காலை நாங்கள் ஓடையில் முகம் கழுவிவிட்டு வர, கூடாரத்துக்குள் ஒரு செம்மறி. மூன்று நாளைக்கென்று வைத்திருந்த பாணை நின்று ஆறுதலாகத் தின்கிறது. ஜெனிற்றா "ஏய்! ஏய்!" என்று தமிழில் கத்துகிறாள், மார்த்தா போலந்தில் ஏசுகிறாள், அது இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் மிளகாய்த்தூள் பையில் மூக்கை வைத்தது. பிறகு அது தும்மின தும்மல்! கூடாரத்தைத் தலையில் கொழுவிக்கொண்டு மலைச்சரிவால் ஓடியது. நாங்கள் பின்னால் ஓட முடியாமல் புல்லில் விழுந்தோம்.

சிரித்தேன் அப்பா. வயிறு நோக, மூச்சு முட்டச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் தரம். சிரித்து முடித்து அண்ணாந்து பார்த்தபோது அம்மாவின் நினைவு வந்தது, உடனே வெட்கமாகவும் போய்விட்டது. ஆனாலும் சிரித்ததைச் சிரிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பஸ் ஒரு சுரங்கத்துக்குள் போனது. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இருந்து நெல்லியடிக்குப் போகிற தூரம், கிட்டத்தட்ட, முழுக்க மலைக்குள்ளால். சாரதிக்கு நித்திரை தூங்கக்கூடாது என்று இடைக்கிடை குகை மாதிரி அகட்டி, நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். சாரதிமாரை நினைத்து மலையைக் குடைந்திருக்கிறார்களே என்று எனக்கு மெய் சிலிர்த்தது. சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். உங்கள் இலக்கத்தை இன்னும் அழிக்கவில்லை. அம்மா எடுக்கமாட்டா. போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியில் வருமட்டும் இருந்தேன்.

ஆடி பிறக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலுக்கு வந்து பையை வாங்கினா. மெலிந்துவிட்டாய் என்றா. அதற்குப் பிறகு "சாப்பிடு", "தலையைத் துவட்டு", "வாளியைக் கொண்டா". ஆறு கிழமையாக இவ்வளவுதான் கதை. மன்னிப்புக் கேட்டேன், "சரி" என்றா. அந்தச் சரியில் ஒன்றும் சரியாகவில்லை. ஏசினால் நல்லது என்று இருந்தது, நீங்கள் என்றால் பத்து நிமிசம் கத்திவிட்டுத் தேத்தண்ணி கேட்பீர்கள். கொண்டுவந்த படம் ஒன்றைக்கூட அவ பார்க்கவில்லை. எனக்கு அப்பாவும் இல்லை, இனி அம்மாவும் இப்படித்தானா என்று குசினி வாசலில் நின்று பல நாள் யோசித்தேன்.

நேற்று திவசத்துக்கு எல்லாரும் வந்தார்கள். தம்பி கிரியை செய்தான், பூணூல் மாற்றிப் போட்டபோது ஐயர் இரண்டு தரம் திருத்தினார். மற்றபடி நன்றாகச் செய்தான். பந்தியில் பெரிய மாமி நடுவில் இருந்தா. நான் சோறு கொண்டுபோனேன். மாமி இலையைப் பார்த்தபடியே, ஆனால் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா.

"தகப்பன்ரை ஆட்டைத்திவசம் முடிய முதல் மலையும் கடலும் பார்க்கப் போனவவோ சோறு போடுறா? படம் எல்லாம் பார்த்தனாங்கள். நல்ல சிரிப்பு."

அம்மா பின்னால் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"நான்தான் மச்சாள் அனுப்பினனான்" என்றா அம்மா.

மாமி நிமிர்ந்தா. "நீயோ அனுப்பினனி?"

"ஓம். அவர் இருந்திருந்தால் அனுப்பியிருப்பார். அவர் இல்லை, நான் அனுப்பினன். சாம்பார் விடட்டே?"

மாமி இலையை நகர்த்தினா. அம்மா விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனா.

சனம் போன பிறகு அம்மா குசினியில் பெரிய பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் போய் இருந்து துடைத்தேன். பிறகு கேட்டேன்.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"நீ சொன்னதைவிடச் சின்னப் பொய்தானே" என்றா. கை நிற்கவில்லை. "நீ போனதுக்கு எனக்குக் கோபமில்லை பிள்ளை. முதல் நாள் கோபம்தான். பிறகு அது இல்லை."

"அப்ப என்னம்மா?"

பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்தா. அம்மா சொன்னதை அவ சொன்னபடியே எழுதுகிறேன் அப்பா, நீங்கள் கேட்கவேண்டும்.

"கொப்பர் முப்பது வருசம் ஓடினார். ஒவ்வொரு நாளும் வந்து சாப்பிடேக்கை எல்லாம் சொல்லுவார். ஆர் ஏறினது, ஆர் சண்டை பிடிச்சது, ஆற்றை பிள்ளை பாஸ் பண்ணினது, நெல்லியடிச் சந்தையிலை தக்காளி என்ன விலை. நான் இந்த வீட்டை விட்டு எங்கை போனனான்? ஆனால் எனக்குத் தெரியாத றோட்டு இல்லை. அவர் போன பிறகு எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. நீ வெளிநாடு போறாய், ஒவ்வொரு நாளும் சொல்லுவாய் எண்டு நினைச்சன். நான் பின்னேரம் போனை எடுத்து வைச்சுக்கொண்டு இருப்பன். நீ லைப்ரரி, லைப்ரரி எண்டாய். எனக்குச் சொல்லியிருந்தால் நானும் உன்னோடை வந்தமாதிரி இருந்திருக்குமெல்லே."

நான் அதை நினைக்கவேயில்லை. சின்ன வயதில் படுக்கையில் கிடந்துகொண்டு உங்கள் இரண்டு பேருடைய கதைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அப்பா வளவளவென்று கதைக்கிறார், அம்மா பாவம் கேட்டுக்கொண்டு இருக்கிறா என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் இருந்து என் பயணத்தை ஒளிப்பதாக எண்ணி அவவுடைய பயணத்தை ஒளித்துவிட்டேன். அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவவின் ஈரக் கை என் தலையில் கிடந்தது.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி இருந்தா. உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அப்படித்தான் இருப்பா.

"சரி. எங்கை ஏறினனீங்கள்? அங்கையிருந்து சொல்லு."

நான் சொல்லத் தொடங்கினேன். லகுவான வேலை என்று நினையாதேயுங்கோ. பாலத்தில் ஏற முதலே பத்துக் கேள்வி. மார்த்தாவுக்கு எத்தனை சகோதரம், அவளுடைய தாய் என்ன வேலை, பணிசுக்குள் முட்டை போட்டிருந்ததோ, ரெயினில் எதிரே இருந்த மனுசன் ஏன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எனக்குத் தெரியாததுக்கு, "நீ என்னத்தைப் பார்த்தனி?" என்று ஏசினா. ஏச்சு வாங்கி எவ்வளவு நாள்! பொழுதுபட நாங்கள் கொத்தன்பேர்க்குக்குத்தான் வந்து சேர்ந்திருந்தோம். மிச்சம் இன்றைக்கு.

இப்போதும் குசினியில் இருந்து கூப்பிடுகிறா. "பிள்ளை, எழுதினது காணும், ஒஸ்லோவுக்கு வெளிக்கிடுவம்" என்கிறா.

ஆகவே அப்பா, நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தந்துவிட்டு எழும்புகிறேன். முதல் கொடுத்த வாக்கை மீறினவள்தான், இதை மீறமாட்டேன். இனி எங்கே போனாலும் அன்றன்றைக்கு அம்மாவிடம் சொல்லுவேன். அவ வேண்டாம் என்று சொல்லக்கூடியதையும் சொல்லுவேன். றோட்டு எப்படி, யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், எங்கே மழை, எல்லாம். நீங்கள் முப்பது வருசம் செய்த வேலையில் பாதியை உங்களோடு கொண்டுபோய்விட்டீர்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துவிட்டோம். அது இங்கேதான் இருக்கிறது, நான் பொறுப்பெடுக்கிறேன்.

கூப்பிடுகிறா. போகிறேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
அம்மாவின் மகள்,
சங்கவி
கொக்குவில்